வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

வெளியுறவுத் துறையில் அவரை நல்ல எழுத்தாளர் என்றார்கள். எழுத்தாளர்கள் நல்ல ஓவியர் என்றார்கள். ஓவியர்கள், நல்ல அதிகாரி என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். மூன்று பாராட்டுகளிலும் இருந்த விஷமத்தைத் தூதர் அறிவார். ஓய்வுபெற்ற பின், வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதை அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிப்பார். அடுத்தவர் சொல்லுமுன் தானே சொல்லிவிட்டால் வலி பாதியாகும் என்பது பதவிக்காலத்தில் அவர் கற்ற பாடங்களில் ஒன்று.

பேச்சுவார்த்தை மேசைகளில் அமர்ந்தபடி, நிகழ்ச்சி நிரல் தாள்களின் பின்பக்கத்தில் அவர் பென்சிலால் வரைந்த முகங்களைப் புத்தகமாக்க ஒரு பதிப்பாளர் அம்மாள் முன்வந்தார். இடப்பக்கம் படம், வலப்பக்கம் அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. படங்களையெல்லாம் மேசைமேல் பரப்பிப் பார்த்த அந்த அம்மாள் தயங்காமல் ஒன்றை எடுத்தார். ஒல்லியான, கழுத்து நீண்ட ஒருவர், கையில் ஒரு தாள், இமைகள் தாழ்ந்திருந்தன.

"அட்டைக்கு இதுதான். ஆனா அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. இருக்கார்ல?"

இருக்கிறார் என்று தூதர் சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை. அந்தப் படத்தால்தான் அந்த மனிதரின் வேலை போயிற்று என்பது அவர் நெடுங்காலமாகச் சுமந்துவந்த எண்ணம். அது அந்த மனிதருக்குத் தெரியாது என்றும் அவர் நம்பியிருந்தார். சம்மதம் கேட்பதென்றால் முதலில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் சொல்லக்கூடியது அன்று. நேரில் போவதென்று முடிவு செய்தார். சொல்லிவிட்டுக் கேட்பது; மன்னிப்பு கிடைத்தால் படம், கிடைக்காவிட்டால் படம் இல்லை.

சொல்வதற்கு வசதியாக, அதை முதலில் எழுதினார். எழுதாமல் எதையும் அவரால் சொல்ல முடிந்ததில்லை.

கட்டுரை இரு நாடுகளுக்கிடையிலான நதிநீர்ப் பேச்சில் தொடங்கியது. அப்போது அவர் தூதர் அல்லர். குழுவில் இரண்டாம் ஆள். இரு நாட்டுக்கும் மொழி ஒன்றே. மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாததால் சச்சரவு தடங்கலின்றி நடந்தது. எல்லையோர நகரம் ஒன்றின் நீண்ட அறையில், பச்சைத் துணி விரித்த மேசையின் இரு பக்கமும் ஆண்டுக்கு இருமுறை அமர்வார்கள். எதிர்க்குழுவின் தலைவர் அசையாமல் இருந்து, உரிய நேரத்தில் ஒரே கொத்தாகக் கொத்துவார். ஆகவே இவர்கள் பக்கத்தில் அவருக்குக் கொக்கு என்று பெயர். வரைந்துகொண்டே இருந்த இவருக்கு அவர்கள் பக்கத்தில் வைத்த பெயர் பென்சில். மேசையில் ஒருவரையொருவர் "மதிப்புக்குரிய எதிர்த்தரப்பு" என்றார்கள்; தேநீர் இடைவேளையில் தம்பி, அண்ணே என்றார்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இவர் எதிரே அமர்ந்தவரை இரண்டு பிரதிகளாக வரைந்து, ஒன்றை அவரிடம் கொடுப்பார். வாங்கிப் பார்த்துவிட்டு, "மூக்குல ஒரு அங்குலத்தை விட்டுக் குடுத்திருக்கீங்க, நன்றி" என்பார் கொக்கு.

அந்த மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிரதியும் ஓரத்தில் சுருக்கொப்பம் பெறுமுன் உரக்க வாசிக்கப்பட வேண்டும். ஒரு தரப்பு வாசிக்க, மறு தரப்பு தன் தாளில் விரல் வைத்துத் தொடரும். வாசிப்பவர் எப்போதும் இவர்தான். தம்பி வாசித்தால் அரைப்புள்ளிகூடக் காதில் விழும் என்று கொக்கு சொன்னதுண்டு.

கடைசிச் சுற்றில், கடைசி நாளுக்கு முந்தைய நாள், வரைந்துகொண்டிருந்தபோது இவர் அதைக் கவனித்தார். கொக்கு தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். பக்கத்தைத் திருப்பினார்; ஆனால் கண்கள் வரியைத் தொடரவில்லை. வலக்கைக் கட்டைவிரல் தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. அவர் படிக்கவில்லை, காதால் கேட்டதை நினைவில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஓவியனுக்கு அந்தக் கண்களை உள்ளபடி வரைய மனம் வரவில்லை. மரியாதை கருதி இமைகளைத் தாழ்த்தினான்.

அன்று மாலையே ஒரு பிரதியைக் கொக்கிடம் கொடுத்தார். மற்றதை இவருடைய குழுத் தலைவர் வாங்கிப் பார்த்தார்.

"எல்லாப் படத்துலயும் இந்த ஆள் நம்மளை முறைச்சுக்கிட்டுத்தான் இருப்பார். இதுல மட்டும் ஏன் கண்ணை மூடிட்டீங்க?"

அசதியாக இருந்தார் என்றார் இவர். "அசதியா, பார்வையா?" என்றார் தலைவர். இவர் பதில் சொல்லவில்லை. பதில் வராததையும் பதிலாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவர் தலைவர்.

மறுநாள் பிற்பகல் இவர்கள் தரப்பு தயாரித்த இறுதிப் பிரதி மேசைக்கு வந்தது. எதிர்த்தரப்பின் சட்ட ஆலோசகர், எல்லாம் முடிந்தது என்ற நம்பிக்கையில், காலையிலேயே தலைநகருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அன்று வாசிப்பு தவிர்க்கப்பட்டது. கொக்கு ஓரங்களில் சுருக்கொப்பமிட்டார். மூன்றாம் இணைப்பில், ஆற்றுநீரை அளக்கும் இடம் துணையாறு வந்து சேருமுன் என்றிருந்தது, சேர்ந்த பின் என்று மாறியிருந்தது. துணையாறு அவர்கள் நாட்டில் பிறப்பது. அதன்படி, அவர்களுடைய தண்ணீரையே இவர்கள் அவர்களுக்குக் கொடுத்த கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த கோடையில் விஷயம் வெளிப்பட்டது, கொக்கு பதவியிழந்தார். இவர் தூதரானார்.

கட்டுரை இப்படி முடிந்தது: "இரக்கத்தால் தாழ்த்திய இரண்டு இமைகள் ஒரு மனிதரைக் காட்டிக்கொடுத்தன. கருணையும் சில நேரம் ஒற்று வேலை செய்யும் என்பதை என் பென்சில் அன்று கற்றது."

அவர் எழுதியதையெல்லாம் வழக்கமாகத் தட்டச்சு செய்பவர் மனைவி. கடைசித் தாளை உருவி எடுத்து மறுபடி ஒருமுறை படித்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. எல்லாமே சரியா இருக்கு. அதான் ஒரு மாதிரி இருக்கு."

என்ன மாதிரி என்று கேட்டதற்கு, அது தெரிந்தால் நானே எழுத்தாளர் ஆகியிருப்பேனே என்று சொல்லிவிட்டு, அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார்.

தூதர் பேருந்தில் போனார். பாலத்தின் நடுவில் கடவுச்சீட்டைப் பார்த்த காவலர், பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டபோது, பதவிக்காலம் முழுவதும் பிறர் நோக்கங்களைச் சொல்லிவந்த மனிதருக்குச் சட்டென்று விடை கிடைக்கவில்லை. நண்பரைப் பார்க்க என்றார். அச்சொல்லுக்குத் தமக்கு உரிமை உண்டா என்று அக்கரை வரை யோசித்தார்.

கொக்கின் வீடு ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்தது. கடை மகளுடையது. வெள்ளை மேலங்கியோடு படியேறி வந்து கதவைத் திறந்தவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் பென்சிலா? உக்காருங்க. அந்த நாற்காலியை மட்டும் நகர்த்திடாதீங்க. அது இருக்கிற இடத்துல இல்லைன்னா அப்பா விழுந்துடுவார்."

அறையில் எல்லாம் சுவரை ஒட்டி இருந்தது. தரையில் ஒரு விரிப்புகூட இல்லை. அலமாரியில் கோப்புகளுக்கு உரிய உயரத்தில் தட்டுகள் இருந்தன; கோப்புகள் இல்லை; அங்கே இப்போது மருந்துக்கடையின் மீதிச் சரக்கு அடுக்கப்பட்டிருந்தது. சன்னலோரம் அமர்ந்திருந்தவர் இஸ்திரி போட்ட சட்டையை மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். கழுத்து முன்னிலும் நீண்டுவிட்டதுபோல் தோன்றியது. கண்கள் திறந்திருந்தன, எதையும் முறைக்கவில்லை.

"தம்பியா? படியேறுறப்பவே தெரிஞ்சுது. இன்னும் ஒரு கால் யோசிச்சுட்டுத்தான் வருது."

"எப்படி இருக்கீங்க அண்ணே?"

"எழுபது வயசுக் கொக்கு எப்படி இருக்கும்?"

தூதர் திடுக்கிட்டார். அந்தப் பெயரைத் தாம் வைக்கவில்லை என்று மெல்லச் சொன்னார்.

"தெரியும். நீங்க வெச்சிருந்தா இன்னும் நல்ல பேரா வந்திருக்கும்."

முழங்கால்களைப் பற்றியும், இறந்துபோனவர்களைப் பற்றியும் பேசினார்கள். பழைய குழுத் தலைவர் போன மாதம் காலமானதைக் கொக்கு வானொலியில் கேட்டிருந்தார். எமனிடமும் கடைசி நேரத்தில் ஓர் இணைப்பை நீட்டியிருப்பார் என்றார். தேநீர் வைத்துக்கொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள். தூதரும் சிரித்தார், அந்தச் சிரிப்பு அடங்குமுன் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அடங்கிவிட்டது.

படம் ஒன்று புத்தகத்தில் வரவிருப்பதையும், அதற்குச் சம்மதம் கேட்க வந்ததையும், கேட்குமுன் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பதையும் வரிசையாகச் சொன்னார். அதை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கட்டுமா என்று கேட்டார்.

"வாசிங்க," என்றார் கொக்கு. "நீங்க வாசிச்சுக் கேட்டு ரொம்ப நாளாச்சு."

தூதர் வாசித்தார். குரல் கெட்டிருக்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைத் தாழ்த்தி விட வேண்டும் என்பது தொண்டைக்கே தெரிந்திருந்தது. கொக்கு தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். நாற்காலிக் கையின் விளிம்பில் கட்டைவிரல், வரியைத் தொடர்வதுபோல், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மகள் தேநீர்க் கோப்பைகளோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கடைசி வரி முடிந்தது.

"மன்னிச்சுடுங்க அண்ணே," என்றார் தூதர்.

"எதுக்கு? படத்துக்கா?"

"ஆமா."

கொக்கு கையை நீட்டினார். மகள் கோப்பையை அதில் பொருத்தினாள். ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் நிதானமாகப் பேசினார். தம் பார்வை போய்க்கொண்டிருந்தது தம் அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரியும் என்றார். அந்தச் சுற்றிலேயே தண்ணீர்க் குவளையை இருமுறை தட்டிவிட்டதாகவும், இரண்டாம் முறை துடைக்கக் கைக்குட்டை கொடுத்தவரே தூதரின் அன்றைய குழுத் தலைவர்தான் என்றும் சொன்னார்.

"அவருக்குப் படம் பார்த்துத்தான் தெரியணுமா? உங்க பென்சிலுக்கு அவ்வளவு சக்தியெல்லாம் இல்லை தம்பி."

தூதர் மடியிலிருந்த தாள்களை அடுக்கினார். அவை முன்னமே அடுக்காகத்தான் இருந்தன.

"அன்னைக்கு ராத்திரி படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இவ பார்த்துட்டு, என்னப்பா, உங்களைத் தூங்குற மாதிரி வரைஞ்சிருக்காங்கன்னா. அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. நம்புவீங்களோ என்னவோ, எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்தப் பக்கத்துல ஒருத்தருக்குத் தெரியும். அந்த ஒருத்தர்தான் நாளைக்கு வாசிக்கப்போறார். தெரிஞ்சவர் மெதுவா வாசிப்பார்னு நினைச்சேன்."

கீழே கடையில் யாரோ கூப்பிட்டார்கள். மகள் போகவில்லை.

"மறுநாள் உங்க தலைவர், நேத்தே வாசிச்சாச்சே, வாசிச்சதா வெச்சுக்கலாமேன்னார். நான் உங்க பக்கம் திரும்பினேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நீங்க எனக்கு ஒரு நிழலாத்தான் தெரிஞ்சீங்க. நிழல் அசையலை. அசையலைன்னா எதுவும் மாறலைன்னு எடுத்துக்கிட்டேன். இணைப்பு மாறியிருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வியை எதிர்கொள்ள எத்தனையோ விதமான வாக்கியங்கள் உண்டு. அவற்றுள் பலவற்றைத் தூதரே இளைய அதிகாரிகளுக்குக் கற்பித்திருக்கிறார். அவற்றை ஒதுக்கிவிட்டார்.

"தெரியும். வாசிக்கணுமேன்னு மதியமே ஒரு தடவை பார்த்து வெச்சேன்."

"அதானே. முன்னாடி பார்க்காம நீங்க வாசிக்கவே மாட்டீங்க." கொக்கு தலையசைத்தார், கணக்கு ஒன்று நேர்பட்டவரின் தலையசைப்பு. "படத்துக்கு மூணு பக்கம் எழுதியிருக்கீங்க. வாசிப்புக்கு ஒரு வரி."

தூதர் அப்போதுதான் அதைக் கண்டார். இத்தனை ஆண்டுகளாக அவர் வருந்தியது உண்மை. வருந்துவதற்கு அவர் ஓவியனைத் தேர்ந்தெடுத்திருந்தார். வாய் திறந்து ஒரு பக்கம் வாசிக்க வேண்டியிருந்த அதிகாரியை விட்டுவிட்டார். ஓவியனின் தவறு சொல்ல நன்றாக இருந்தது. அதிகாரியின் தவறைச் சொல்ல எந்த அழகும் கிடைக்கவில்லை: தலைவர் அருகில் இருந்தார், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது, பேசாமல் இருந்தார்.

"படத்தைத் தாராளமாப் போடுங்க," என்றார் கொக்கு. "நல்லா இருக்குன்னு இவளே சொல்லியிருக்கா. கட்டுரை வேண்டாம். அதுல நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க."

"மாத்தி எழுதறேன் அண்ணே. நடந்ததை நடந்தபடி எழுதறேன்."

"எழுதினா நல்லா எழுதிடுவீங்க. அதான் பயம். படிக்கிறவங்க எல்லாரும், எவ்வளவு நேர்மையான மனுஷன்னு உங்களைச் சொல்லுவாங்க. நான் இன்னொரு தடவை உங்க எதிர்ல சும்மா உக்காந்திருக்கணும்." கோப்பையை நீட்டினார், மகள் வாங்கிக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம். வீட்லயும்."

"அண்ணே..."

"சொன்னா உங்களுக்கு லேசாயிடும். எனக்கு இங்க சொல்ல வழியில்லாம போச்சு. விலைபோயிட்டான்னாங்க. இல்லை, எனக்குக் கண்ணு தெரியலைன்னு சொன்னா, தெரியாம ஏன் அந்த நாற்காலியில உக்காந்தேன்னு கேப்பாங்க. அதுவும் நியாயம்தானே? இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்றுன்னு நானும்தான் ஆசைப்பட்டேன். ரெண்டையும் சொல்லாம இருந்துட்டேன். நீங்களும் இருங்க. சரின்னு சொல்லுங்க."

குரலில் கோபம் இல்லை. இழுபறியாக இருந்த ஒரு பிரிவை இருதரப்புக்கும் பொருந்தும்படி முடித்துவைக்கிறவரின் குரல் அது. மேசையில் பலமுறை தூதர் அதைக் கேட்டு வியந்திருக்கிறார்.

"சரி," என்றார்.

மகள் அவரைக் கடை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். அவருக்கு இருமல் இருப்பதைக் கவனித்து, ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காகித உறையில் போட்டு, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தாள். அப்பா இன்றைக்கு நிறையப் பேசிவிட்டார் என்றாள். மறுபடியும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

கட்டுரையைக் கேட்டுப் பதிப்பாளர் அம்மாள் மூன்று முறை தொலைபேசினார். அந்தப் படத்துக்கு இல்லை என்றார் தூதர். எதிர்ப்பக்கம் மொட்டையாக இருக்குமே, பைண்டிங்கில் விட்டுப்போனது என்று வாங்குகிறவர்கள் திருப்பிக் கொண்டுவந்தால் யார் பதில் சொல்வது என்று அம்மாள் கேட்டார். இருக்கட்டும் என்றார் தூதர். அவர் இவ்வளவு குறைவான சொற்களில் பேசி அந்த அம்மாள் கேட்டதில்லை.

புத்தகம் வெளியான மாலையில் மண்டபம் நிறைந்திருந்தது. பேசியவர்களில் இருவர் அந்த வெற்றுப் பக்கத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தாழ்ந்த இமைகளில் ஓவியரின் கருணையையும், எதிர்ப்பக்கத்தின் வெறுமையில் எழுத்தாளரின் அடக்கத்தையும், இரண்டையும் சேர்த்து வைத்ததில் ஓர் இராஜதந்திரியின் பண்பையும் கண்டார்கள். முதன்முறையாக மூன்று பாராட்டுகளும் ஒரே மேடையில், விஷமமின்றி வந்தன. தூதர் குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பத்திரிகைக்காரப் பெண் எழுந்து, அந்தப் பக்கத்தில் என்ன எழுத நினைத்தீர்கள் என்று கேட்டாள்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை," என்றார் தூதர்.

பழைய தொழிலின் வாசகம் என்று எடுத்துக்கொண்டு அவை சிரித்தது, பிறகு கைதட்டியது.

வீடு திரும்பும் வழியில், காரில், மனைவி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். தூதர் அக்கரைக்குப் போய்வந்த நாளிலிருந்து அவரிடம் கேட்டதற்கெல்லாம், டீ கொடுத்தார்கள், நன்றாக இருக்கிறார், சம்மதம் சொல்லிவிட்டார் என்பதற்கு மேல் பதில் கிடைத்திருக்கவில்லை. இப்போது மனைவி தாமாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"அவர் மன்னிச்சுட்டார், இல்லையா? உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னுதான் கட்டுரையை எடுக்கச் சொல்லியிருக்கார். எனக்கு இன்னைக்குத்தான் உறைச்சுது."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டுகளாகத் தம் ஒவ்வொரு வரியையும் முதலில் படித்த பெண்ணின் பக்கம் தூதர் திரும்பவில்லை.

"பெரிய மனுஷன்ங்க அவர்," என்றார் மனைவி.

"ஆமா," என்றார் தூதர். அது உண்மைதான்.

மறுநாள் காலை மனைவி அவரிடம் எண் வாங்கி அக்கரைக்குப் பேசினார். தூதர் பக்கத்து அறையில் இருந்தார். மனைவியின் குரல் மட்டும் கேட்டது: தாம் யார் என்றும், நன்றி சொல்லத்தான் கூப்பிட்டதாகவும், இத்தனை வருடமாக இவர் மனத்தில் இருந்த பாரத்தை நீங்கள் இறக்கிவைத்துவிட்டீர்கள் என்றும். பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் எதிர்முனையில் ஒருவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. தூதர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார்.

"சரிங்க அண்ணே. சொல்றேங்க அண்ணே," என்று மனைவி முடித்துக்கொண்டு வந்தார். முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

"என்ன சொன்னார்?"

"பெருசா ஒண்ணும் இல்லை. படம் அச்சுல நல்லா வந்திருக்கான்னு கேட்டார். அப்புறம் உங்க கண்ணு எப்படி இருக்குன்னு விசாரிச்சார். அதுக்கு ஒரு குறையும் இல்லை, எல்லாம் தெளிவாத் தெரியுதுன்னேன்."